ஏர் புடிச்ச லாரி

காவிரிப் பாலத்தில் ஒரு வண்டி நின்றால் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே எல்லாமே நிற்கும். அன்று நின்றது காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவந்த பழைய லாரி. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி என்றார்கள் சிலர். "ஏர் புடிச்சிருச்சு தம்பி" என்றார் டிரைவர்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. நெருக்கிச் சூடேற்றிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எண்ணெயை உள்ளே தள்ளியதும் காற்றுதான். அந்த கம்ப்ரஸரையும் சுமந்துகொண்டு லாரி எங்கே ஓடுவது! 1927இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. டீசல் லாரிகள் பெருகின. நமக்கு அதைச் செய்து தந்தது, 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ.

காற்றின் வேலையைப் பறித்த பம்ப்புக்குக் காற்றே எமன். குழாயில் குமிழி இருந்தால் அழுத்தம் அதைத்தான் நசுக்கும், நாசில் திறக்காது.

டேங்கிலிருந்து வரும் ஹோஸில் வெடிப்பு. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம், அதனால் டீசல் சொட்டவில்லை. காற்று மட்டும் போயிருக்கிறது. சைக்கிள் டியூபை வெட்டி இறுகக் கட்டினார். ஃபில்டர் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்தார். முதலில் நுரை. அப்புறம் சுத்தமான டீசல். "இப்ப அடிங்கடா செல்ஃப!"