கரியில் ஓடிய பஸ்

மல்லாபூரில் காலை எட்டு மணிக்குப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் தீர்த்து வைக்காத உலக விவகாரம் ஏதும் இல்லை. நாச்சாரத்துத் தொழிற்சாலைகளுக்கும், மௌலாலி ரயில்வே கொட்டகைகளுக்கும், செகந்திராபாத் அலுவலகங்களுக்கும் போகிற அந்தக் கூட்டத்தில் நம்மவர் சிலரும் உண்டு. வெயில் கடுமையாக இருந்த ஒரு நாள், பேச்சு சீதோஷ்ணத்தின் மீது திரும்பியது. "மின்சார பஸ் வந்துவிட்டது, ஐயா. புகைக்கு இனி வேலை இல்லை," என்றார் ஒருவர். "எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் புகையும் இல்லை, இந்த வெயிலும் இல்லை," என்றார் மற்றவர். இருவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். பல ஆண்டுகளாக ஹைதராபாத்தில் இருப்பவர்கள்.

இந்த நகரத்து அரசாங்க பஸ்ஸுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1932ஆம் ஆண்டு நிஜாமின் ரயில்வே இலாகாவே 27 பஸ்களுடன் அதைத் தொடங்கியது. ஆனால் அன்று எனக்கு நினைவு வந்தது நம் நாட்டுப் பக்கத்தில் ஓடிய வேறொரு பஸ். தாத்தா காலத்தில் புகை இல்லை என்று சொன்னவரின் தாத்தாவே அதில் ஏறியிருக்கக்கூடும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941இல், இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அடுத்த ஆண்டு நிலைமை முற்றிலும் மோசமாயிற்று. தமிழரும் தெலுங்கரும் கூலிக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறிய பர்மா 1942இல் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் எதிரிக்குப் பயன்படாதபடி ஆங்கிலேயரே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயா ரப்பர் போயிற்று. ரப்பர் போனதால் டயரும் அருமையாயிற்று. நம்மவர் வியர்வை சிந்திய இரண்டு நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த பொருள்கள் நின்றபோது, நம் ஊர்ப் பஸ்களும் நிற்கவேண்டிய கட்டம் வந்தது.

அப்போது கைகொடுத்தது அடுப்புக்கரி. பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி பொருத்தினார்கள். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, காற்றை அளவாக மட்டும் உள்ளே விட்டால், கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவாக மாறும். அந்த வாயுவைக் குழாய் வழியாகக் குளிரவைத்து, தூசி நீக்கி, எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் ஆவியின் வேலையை அது ஒருவாறு செய்யும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். யுத்தம் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் மட்டும் சுமார் ஐந்து லட்சம் வண்டிகள் விறகையும் கரியையும் நம்பி ஓடின. நம் பக்கத்தில் மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் இத்தகைய கரிவாயு இயந்திரத்தைத் தானே வகுத்துத் தயாரித்தது.

ஒருவாறு என்று சொன்னேன். அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகவே எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், குறைந்துவிடும். காலையில் வண்டி புறப்படுமுன் ஓர் ஆள் கைவிசிறியைச் சுழற்றிச் சுழற்றித் தீயை வளர்க்கவேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். வழியில் சாம்பலைத் தள்ளவேண்டும். கரி மூட்டையை அவிழ்த்துத் தொட்டியை நிரப்பவேண்டும். ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கிக்கொள்வார்கள்; சில இடங்களில் தள்ளவும் செய்வார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியையும் தள்ளினோம் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். மூடிய கொட்டகையில் இந்த வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இவற்றையெல்லாம் நம் மக்கள் சகித்துக்கொண்டார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுத்தது காடு. ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். மண்ணைப் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுகிற பழைய முறையில், ஐந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி தேறினால் அதிகம். அப்படியானால் மிச்சமான ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் ஏழரைக் கிலோ மரமாவது செலவாயிற்று. சிக்கனம் என்று நாம் பெயரிட்டது, ஒரு களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்த கதைதான்.

1945இல் யுத்தம் முடிந்தது. பெட்ரோல் திரும்பி வரவரத் தொட்டிகள் கழற்றப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கரிவாயுவைக் கைவிட்டதில் தவறில்லை. அதை விரும்பி ஏற்றவர் எவரும் இலர். எனக்கு வருத்தம் தருவது அடுத்து நடந்ததுதான். இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை, ஆண்டு 1895. யுத்தத்தின் பஞ்சத்தையெல்லாம் கடந்துவந்த அந்த டிராமை, கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிவிட்டது என்று 1953 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு சொட்டுப் பெட்ரோல் கேட்காத வண்டியை, பெட்ரோலுக்குத் தவித்த காலம் மறையுமுன்பே இழந்தோம். அந்நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2015இல். இடையே அறுபத்திரண்டு ஆண்டுகள்.

இனி, புகைக்கு வேலை இல்லை என்ற நண்பரின் பேச்சுக்கு வருவோம். ஹைதராபாத்தில் விமான நிலையத் தடத்தில் 2019இல் மின்சார பஸ்கள் வந்தன. சத்தம் இல்லை, வால்புகை இல்லை, நல்ல வண்டிகள். ஆனால் அவற்றுக்குரிய மின்சாரத்தில் பெரும்பகுதி எங்கே பிறக்கிறது? இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ராமகுண்டம் போன்ற அனல் நிலையங்களில். சிங்கரேணிச் சுரங்கத்து நிலக்கரி அங்கே எரிகிறது. அன்று பஸ்ஸின் முதுகில் இருந்த கரித்தொட்டி இன்று கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. மின் மோட்டார் ஆற்றலை வீணாக்குவது குறைவு என்பதால் கணக்கு நமக்குச் சாதகமே, அதை மறுக்கவில்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்பதால், கரி, நிலக்கரி என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் என் கண்ணில் படுகிறது. தாத்தாவின் பஸ்ஸில் எரிந்தது இருபது முப்பது ஆண்டுகள் வளர்ந்த மரம். அந்த இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால், வானத்துக்குப் போன கரியமிலவாயு அதே கால அளவில் மண்ணுக்குத் திரும்பிவிடும். சிங்கரேணியின் நிலக்கரியோ இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பூமிக்குள் கிடந்தது. அதை எரித்து எழுப்பிய வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தத் தோப்புக்கும் அவ்வளவு விரைவில் இயலாது. தாத்தா காலத்து வெயிலுக்கும் இன்றைய வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் இங்கேதான் இருக்கிறது. ராமகுண்டத்து நீர்த்தேக்கத்தின்மீது 2022இல் 100 மெகாவாட் சூரிய மின்தகடுகளை மிதக்கவிட்டிருக்கிறார்கள். கரையிலுள்ள அனல் நிலையத்தின் திறன் 2,600 மெகாவாட்.

இதையெல்லாம் அந்த இருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோதே பஸ் வந்துவிட்டது. டீசல் பஸ்தான், காலூன்ற இடமில்லாத கூட்டம். மின்சார பஸ்ஸைப் புகழ்ந்த நண்பர் படியில் ஒரு காலை வைத்தபடியே திரும்பி, தம்முடைய மோட்டார் சைக்கிள் நாளைக்குப் பட்டறையிலிருந்து வந்துவிடும், அப்புறம் இந்த அவஸ்தை இல்லை என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.