அம்மாவின் எச்சரிக்கையும் ராடார் தொழிலாளியின் கண்களும்

சின்ன வயதில் மைக்ரோவேவ் அடுப்புக்குள் கோப்பை சுற்றுவதை, கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "கிட்ட நிக்காத பிள்ளை, கண்ணுக்குக் கூடாது" என்று அம்மா சத்தம் போடுவார். உங்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். பொறியியல் படித்த பிறகு, அம்மாவின் வீண் பயங்களில் இதுவும் ஒன்று என்று சிரித்தேன்.

பிறகு ஒருநாள் வேலை விஷயமாக, ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அலைபேசி அன்டெனாக்கள் இருக்கும் பக்கம் போகவேண்டி வந்தது. கூட வந்த தொழில்நுட்பப் பணியாளர் உள்ளங்கை அளவான ஒரு கருவியை என் சட்டையில் மாட்டிவிட்டார். "இது கத்தினால் நின்று யோசிக்காதே, வந்த வழியே திரும்பி நட" என்றார். அது நுண்ணலையின் அளவைக் கண்காணிக்கும் கருவி. அன்றிரவு அதைப்பற்றித் தேடி வாசித்தபோதுதான், அம்மாவின் பயத்துக்கும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது.

கதை தொடங்குவது இரண்டாம் உலகப் போரில். 1940இல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர், வலுவான நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் ஒன்றை உருவாக்கினார்கள். அந்த ஆண்டே அது அமெரிக்காவுக்குப் போனது. அதை வைத்து ராடார்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அவற்றைச் செய்தவர்களும் சோதித்தவர்களும் நுண்ணலைக்குப் பக்கத்திலேயே வேலை செய்தார்கள். கேடு வருமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 1943இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, ராடார் ஆய்வகப் பணியாளர்களிடம் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை என்றது.

நிம்மதி நீடிக்கவில்லை. 1948இல் மேயோ கிளினிக்கிலும் அயோவா பல்கலைக்கழகத்திலும் விலங்குகளை வைத்து ஆய்வு செய்தவர்கள், வலுவான நுண்ணலை பட்ட கண்களில் புரை வளர்வதைக் கண்டார்கள். 1952இல், நுண்ணலைக் கருவியோடு வேலை செய்த ஒரு பணியாளரின் இரண்டு கண்களிலும் புரை ஏற்பட்டதாக ஒரு தொழில் மருத்துவ இதழில் செய்தி வந்தது.

ஏன் கண்? நம் உடம்பில் ஓர் இடம் சூடானால், அங்கே ஓடும் இரத்தம் அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். கண்ணின் வில்லையில் இரத்தக் குழாயே இல்லை. சூடு அங்கேயே தங்கிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சூட்டை உணரும் நரம்புகள் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. நுண்ணலையோ தோலைத் தாண்டி உள்ளே போய்ச் சூடாக்கும். அடுப்பில் கை வைத்தால் உடனே இழுத்துக்கொள்வோம். நுண்ணலை விஷயத்தில் அந்த உணர்வை நம்பமுடியாது. அதனால்தான் ஓர் அளவுகோலும் அளக்கும் கருவியும் தேவைப்பட்டன.

1953இல் ஹெர்மன் ஷ்வான் என்ற உயிரியற்பியலாளர், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்ற வரம்பை முன்வைத்தார். உடம்பு எவ்வளவு சூட்டைத் தாங்கி வெளியேற்றும் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அது. 1966இல் அதுவே அமெரிக்கத் தர அளவாகியது. ஆனால் சோவியத் யூனியனில் முழுநாள் வேலைக்கு அனுமதித்த அளவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! அமெரிக்கர்கள் சூட்டை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். தலைவலி, களைப்பு போன்ற தொழிலாளர்களின் முறைப்பாடுகளையும் சோவியத் மருத்துவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

இந்த இரண்டு எண்களும் ஒரே கட்டடத்தில் மோதிக்கொண்டன. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின்மீது சோவியத் தரப்பு பல ஆண்டுகளாக நுண்ணலையைப் பாய்ச்சியது. அதன் அளவு அமெரிக்க வரம்பைவிடப் பலநூறு மடங்கு குறைவு. ஆனால் சோவியத் வரம்பை ஒட்டியது. அமெரிக்க அரசுக்கு இது தெரியும். அங்கே வேலை செய்தவர்களுக்கோ 1976இல்தான் முறையாகச் சொல்லப்பட்டது. 1978இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, அவர்கள் உடல்நலம் இதனால் கெட்டதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஆனாலும், "எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு அந்த ஆய்வு பதில் ஆகாது அல்லவா?

நம் வீட்டு அடுப்புக்கும் வருவோம். 1971இல் அமெரிக்காவில் வந்த விதிப்படி, அடுப்பின் ஆயுள் முழுவதும் 5 சென்டிமீட்டர் தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. கதவைத் திறந்தால் அது தானாக நிற்கவேண்டும். தள்ளிப் போகப்போக அளவு வேகமாகக் குறையும். ஆக, நல்ல நிலையில் உள்ள அடுப்பால் அம்மாவின் கண்ணுக்கு ஆபத்தில்லை.

ஆனால் உணவும் மரமும் உலர்த்தும் தொழிற்சாலைகளில், ராடார் நிலையங்களில், அன்டெனாக்கள் நிற்கும் மொட்டைமாடிகளில் கருவிகள் பலமடங்கு வலுவானவை. 1998இல் வந்த சர்வதேச வழிகாட்டல், இந்த அலைகளில் பெரும்பகுதிக்குத் தொழிலாளருக்கான வரம்பைச் சதுர மீட்டருக்கு 50 வாட் என்றும், பொதுமக்களுக்கு 10 வாட் என்றும் வைத்தது. தொழிலாளருக்கு ஏன் கூடுதல்? அவருக்கு ஆபத்து தெரியும், பயிற்சி உண்டு, கண்காணிப்பு உண்டு என்ற நம்பிக்கையில்தான். அந்தப் பயிற்சியும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் 50 என்ற எண்ணுக்கு நியாயம் இல்லை.

உங்களில் சிலர் நாளை அப்படியான இடத்தில் வேலைக்குப் போவீர்கள். கடைசியாக எப்போது அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று முதல்நாளே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம்.

அம்மா இப்போதும் சத்தம் போடுவார். நான் சிரிப்பதில்லை. ஓர் அடி தள்ளி நின்று, அடுப்பின் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கிறேன்.