இரைப்பை சுருங்கிய பின் உணவு: ஒரு பத்தியத்தின் வரலாறு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் தரப்படும் உணவுத் தாளில், முதலில் தெளிந்த நீராகாரம், அடுத்து கெட்டியான நீர்ம உணவு, பின்னர் மசித்த உணவு, சில வாரங்கள் கழித்தே வழக்கமான சாப்பாடு என்ற படிநிலையோடு, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கலாகாது, இனிப்புப் பானம் ஆகாது, வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுதும் நிறுத்தலாகாது என்ற விதிகளும் இடம்பெற்றிருக்கும். ஊட்டச்சத்து நூல்களைப் பார்த்து முன்கூட்டியே வகுத்தவை போலத் தோன்றும் இவ்விதிகளில் பெரும்பாலானவை, நோயாளிகள் பட்ட துன்பத்தைக் கண்ட பிறகே எழுதப்பட்டவை; அவற்றுள் சில, உடல் பருமனுக்கு அறுவை செய்யலாம் என்ற எண்ணமே தோன்றாத காலத்தைச் சேர்ந்தவை.

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய் கண்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி நீக்கி மீதியைக் குடலோடு இணைத்து வெற்றி கண்டபின், வயிற்றுப் புண்ணுக்கும் அத்தகைய அறுவை பரவியது. இரைப்பையின் கடைவாயிலில் உள்ள பைலோரஸ் என்னும் தசைவளையம், உணவைச் சிறுகச் சிறுகக் குடலுக்குள் விடும் மடை போன்றது. அந்த மடை போனவர்களுக்கு, இனிப்பு உண்ட சற்று நேரத்தில், அடர்ந்த சர்க்கரை குடலில் மொத்தமாக இறங்கி இரத்தத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்வதால், படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வந்தன. லண்டனில் ஆர்தர் ஹெர்ட்ஸ் 1913இல் விவரித்த இந்நிலைக்கு, 1922இல் அமெரிக்க மருத்துவர் மிக்ஸ் வழங்கிய ‘டம்ப்பிங்’ என்ற பெயர், அதாவது மொத்தமாகக் கொட்டிவிடுதல், இன்றும் நிலைத்திருக்கிறது.

பருமனுக்கென்றே செய்யப்பட்ட தொடக்ககால அறுவைகள் இரைப்பையைத் தொடவில்லை, குடலையே குறுக்கின. 1954இல் அறுவை மருத்துவர்கள் கிரெமனும் லின்னரும் நாய்களில் செய்த சோதனைகளையொட்டி வளர்ந்த இம்முறையை, பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் 1969இல் செப்பனிட்டு, இருபதடி நீளமுள்ள சிறுகுடலில் மேற்பகுதியின் 14 அங்குலத்தையும் கடைப்பகுதியின் 4 அங்குலத்தையும் மட்டும் இணைத்து, மற்றதை உணவு செல்லாத பகுதியாக ஒதுக்கினர். விரும்பியதை உண்டும் மெலியலாம் என்பதே இதன் கவர்ச்சி. விளைவோ வேறு. ஓயாத வயிற்றுப்போக்கு ஒருபுறமிருக்க, செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பற்றிக்கொண்டதால், அக்கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் பெருங்குடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகக் கற்களாயிற்று. சிலருக்கு ஈரலே செயலிழந்தது. பலருக்கு மறு அறுவை செய்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. பட்டினியின் கேடுகளை நிறைந்த தட்டின் முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரவழைத்த அறுவை என்று இதைச் சொல்வது மிகையாகாது.

வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையை இழந்தவர்கள் எளிதில் சதை போடுவதில்லை என்பதைக் கவனித்த அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து 1966இல், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து நேரே குடலோடு இணைக்கும் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். பின்னாளில் குடலைத் தொடாமல், இரைப்பையின் மேற்பகுதியைத் தைத்துப் பிரித்து அதன் வாயிலில் பட்டையிடும் எளிய முறையையும் அவரே உருவாக்கினார். அதில் டம்ப்பிங் இல்லாததால் ஐஸ்கிரீமும் இனிப்புப் பானமும் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கின. இனிப்புப் பிரியர்களுக்குப் பட்டையைவிட மாற்றுவழியே பயனளிக்கிறது என்று 1987இல் சுகர்மன் குழுவினர் வெளியிட்டனர். வயிற்றுப் புண் நோயாளிகளை வாட்டிய அதே டம்ப்பிங், இங்கே இனிப்புக்கு எதிரான காவலாளியாக மதிக்கப்பட்டது.

புரதத்தை முதலில் உண்ணும் விதி கணக்கிலிருந்து பிறந்தது. இன்றைய மாற்றுவழி அறுவையில் விடப்படும் பையின் அளவு 30 மில்லிக்குள் அடங்கும். நாளுக்குத் தேவையான புரதமோ குறைந்தது 60 கிராம். இரண்டு கிராம் அளவே புரதம் கொண்ட ஓர் இட்லிகூட முழுதாகக் கொள்ளாத அப்பையில், முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றுக்கு முன்பே சோறு இடம்பிடித்துவிட்டால், உடல் தன் தசையைத்தான் கரைக்கும்.

அறுவைக்குப் பின் வரும் சத்துக் குறைபாடுகள் அனைத்திலும் விரைந்து தாக்குவது தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவு. உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கே தாங்கும். பில்ரோத் அறுவை செய்த அதே 1881இல், கார்ல் வெர்னிக்கே தம் பெயரால் பின்னர் அறியப்பட்ட மூளைநோயை விவரித்தபோது, அவர் காட்டிய மூவரில் ஒருத்தி, கந்தக அமிலம் குடித்து இரைப்பை வாயில் சுருங்கி ஓயாமல் வாந்தியெடுத்த இளம் தையற்காரி. தயமின் குறைவே காரணம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. அதை வெளிக்கொணர்ந்த ஆய்வுகளில் தமிழர் உணவுக்கும் பங்குண்டு. மலாயாவில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை, தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்ட, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்புவதை மருத்துவர் பிராடன் கண்டார். மருத்துவர் பிளெட்சர் 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருவகை அரிசியையும் தனித்தனிப் பிரிவினருக்குக் கொடுத்து அதை உறுதிசெய்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் ஊறிவிடுவதே காரணம். எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் வாந்தி நிற்காதவர்களுக்குப் பெரிபெரி திரும்பி வந்தபோது, அவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் செலுத்த வேண்டும் என்ற விதி அழுத்தம் பெற்றது.

வைட்டமின் பி12 இதற்கு நேர்மாறாக மெதுவாகவே காலியாகும். உணவிலிருந்து அதைப் பிரிக்க இரைப்பை அமிலமும், குடல் அதை ஏற்க இரைப்பை சுரக்கும் ஒரு காரணியும் தேவை என்பது, 1920களின் இறுதியில் வில்லியம் காசில் செய்த சோதனைகளிலிருந்து தெளிவாகத் தொடங்கியது. ஈரலில் உள்ள சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்குவதால், எடை இறங்கி, ஆடை அளவு மாறி, மருத்துவமனைக்குப் போகும் வழக்கமே நின்ற பிறகுதான் பாதம் மரத்துப்போவதும் இரத்தசோகையும் தலைகாட்டுகின்றன. மரக்கறி மட்டுமே உண்போருக்கு, தொடக்க இருப்பே குறைவாக இருப்பதால், அக்காலம் இன்னும் முன்னதாக வந்துவிடுகிறது.