மலர்நாடும் நீள்கொம்பு வண்டுகள்

செராம்பைசிடே எனப்படும் நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தில், வளர்ந்தபின் பூக்களை நாடி மகரந்தமும் தேனும் உண்பவையும், புழுப்பருவத்தில் பெரும்பாலும் மட்கும் மரத்துக்குள் வளர்பவையுமான இனங்கள் மிகுந்த துணைக்குடும்பம் லெப்டுரினே ஆகும். கண்களுக்குப் பின்னால் கழுத்துபோல் ஒடுங்கும் தலை, பின்நோக்கிக் குறுகும் முன்சிறகுகள், மகரந்தத்தை வாரியெடுக்க உதவும் மயிர்த்தூரிகை கொண்ட வாயுறுப்பு ஆகியவை இவற்றின் அடையாளங்கள். சில இனங்கள் குளவியைப் போல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டையிட்டிருப்பதால் பறவைகள் அவற்றைத் தொடத் தயங்குகின்றன; கையில் பிடித்தால், மார்புக் கண்டங்களை ஒன்றோடொன்று உரசிக் கீச்சென்று ஒலியெழுப்புவதும் உண்டு.

பெண்வண்டு விழுந்த கட்டையின் பட்டை வெடிப்பில் முட்டையிடுகிறது. முட்டையின் மேல் அது பூசிவிடும் ஈஸ்ட் நுண்ணுயிர்களை, பொரித்து வெளிவரும் புழு முட்டையோட்டோடு விழுங்கித் தன் குடலின் சிறு பைகளில் பேணிக்கொள்வது பல இனங்களில் அறியப்பட்டுள்ளது. சத்துக் குறைந்த மரத்தை உண்டு வளர்வதால் புழுப்பருவம் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீள, வண்டுப்பருவமோ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது.

இத்துணைக்குடும்பம் வடகோளத்தின் குளிர்ந்த காடுகளுக்கே பெரிதும் உரியது. இந்தியாவில் இமயமலைப் பகுதியில்தான் மிகுதி. பூச்சியியலாளர் கஹான் 1906-இல் 'பிரித்தானிய இந்திய விலங்குகள்' வரிசையில் எழுதிய தொகுதி இவ்வண்டுகளுக்கு இன்றும் அடிப்படை நூலாகும். இமயத்துக்கு மாறாக, தெற்கே கர்நாடகத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டரே பெறும் கோலார் தங்கவயலின் முட்புதர் நிலத்தில், விழுந்த கட்டை ஈரமேறி மட்குமுன்பே வெயிலில் காய்ந்தோ, கறையானுக்கு இரையாகியோ, விறகாகப் பொறுக்கப்பட்டோ போய்விடுவதால், அது இவற்றுக்கு ஏற்ற சூழலன்று. சமவெளியில் பூக்களுக்கு வரும் நீள்கொம்பு வண்டுகள் பெரும்பாலும் வேறு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றான குளோரோபோரஸ் அன்னுலாரிஸ், வெட்டிக் காய்ந்த மூங்கிலுக்குள் வளர்கிறது.

கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுர மாந்தோப்புகளில் உழவர் அஞ்சும் தண்டுத் துளைப்பானாகிய பட்டோசெரா ரூபோமாகுலாட்டா இதே குடும்பத்ததாயினும் வாழ்முறையால் முற்றும் வேறானது. அதன் புழு உயிருள்ள மாமரத்தைக் குடைய, வண்டு பூவை நாடாமல் இளங்கிளைகளின் பட்டையைக் கொறிக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் நீள்கொம்பு வண்டு அனைத்தையும் பயிர்ப்பகையெனக் கொள்வது பிழை. காட்டைத் துப்புரவாக்குவதாக எண்ணி விழுமரங்களை அகற்றினால், பூக்கள் நிறைந்திருந்தாலும் மலர்நாடும் இவ்வண்டுகளுக்கு முட்டையிட இடமில்லாமற் போகும்.