ஒரு கிலோ இறக்கையும் ஒரு வருஷத்துக் கோழியும்

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "தாத்தா, விங்ஸ் வீட்டிலேயே செய்யலாமா? ஆர்டர் பண்ணினா வந்து சேர்றதுக்குள்ள நமத்துப் போயிடுது" என்றான். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? பையை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு கறிக்கடைக்குப் போனேன்.

ஒரு கிலோ இறக்கை கேட்டேன். கடைக்கார பாய் தராசில் போடும்போது எண்ணினேன், 12 இருந்தது. ஒரு கோழிக்கு இரண்டு இறக்கை. ஆக, என் பையில் இருந்தது 6 கோழி. வீடு வரும்வரை இந்தக் கணக்கு மனசை விட்டுப் போகவில்லை. ஏனென்றால், நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க அடித்த கோழியே ஆறோ ஏழோதான்.

1960களின் சேலையூர் இன்றைய சேலையூர் இல்லை. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர். பெரும்பாலான வீடுகளில் நான்கைந்து நாட்டுக்கோழி இருக்கும். பகலில் தெருவெல்லாம் மேயும், பொழுது சாய்ந்தால் கூடையைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். நாட்டுக்கோழி ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ தேற ஐந்தாறு மாதம் ஆகும். முட்டை இடுகிற பெட்டையை யாரும் அடிக்க மாட்டார்கள். தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள், ஆடியில் அம்மனுக்கு, மாப்பிள்ளை வந்தால், யாராவது காய்ச்சலில் கிடந்து எழுந்தால் என்று ஒரு சேவலுக்கு நேரம் வரும்.

அந்த ஒரு சேவலை ஒன்பது பேர் சாப்பிட வேண்டும். ஆகவே பங்கு போடுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கால் இரண்டும் அப்பாவுக்கும் விருந்தாளிக்கும். நெஞ்சுக்கறி பையன்களுக்கு. ஈரல் கடைக்குட்டிக்கு, அதாவது எனக்கு. கழுத்தும் ஒரு இறக்கையும் அம்மாவுக்கு. இன்னொரு இறக்கை அக்காவுக்கு. "பறந்து போறவளுக்கு எறக்கை" என்று ஆயா சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். அக்கா சிரித்தாளா என்று நான் கவனித்ததில்லை.

இறக்கைக்கு மதிப்பில்லாமல் இருந்தது நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் அதைப் பெரும்பாலும் சூப்புக்குத்தான் போடுவார்களாம். அந்த நிலையை மாற்றியது நியூயார்க் மாகாணத்தில் பஃபலோ என்ற ஊர். அங்கே ஆங்கர் பார் என்ற கடையில், 1964-ல், டெரெஸா பெல்லிசிமோ என்ற அம்மையார் இறக்கைகளைப் பொரித்து, மிளகாய் சாஸில் புரட்டிக் கொடுத்தார். அதற்கு அந்தக் குடும்பமே இரண்டு கதை சொன்னது. குழம்புக்குக் கழுத்தும் முதுகும் கேட்க, தவறுதலாக இறக்கை வந்து இறங்கிவிட்டது என்றார் கணவர் ஃபிராங்க். வெள்ளிக்கிழமை ராத்திரி, பன்னிரண்டு மணி தாண்டி மாமிசம் சாப்பிடக் காத்திருந்தவர்களுக்காக அம்மா செய்தது என்றார் மகன் டொமினிக். அதே ஊரில் ஜான் யங் என்ற கறுப்பினத்தவர், 1960களிலேயே முழு இறக்கையை மாவில் தோய்த்துப் பொரித்து, தன்னுடைய சாஸோடு விற்றவர் நானே என்றார். எது எப்படியோ, 1977-ல் அந்த ஊர் நகரசபை ஜூலை 29-ஐக் கோழி இறக்கை தினமாக அறிவித்தது.

ஆங்கர் பாருக்கு அடுத்த வருஷம், 1965-ல், நம் மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் சிக்கன் 65 வந்தது. எண்ணுக்குக் கதைகள் பல உண்டு. மெனு கார்டில் 65-ஆவது அயிட்டம், 65 மிளகாய், 65 நாள் கோழி என்றெல்லாம் சொல்வார்கள். அறிமுகமான வருஷம்தான் பெயர் என்பது புகாரிக்காரர்கள் சொல்வது. பின்னால் அவர்களே 78, 82, 90 என்றும் வருஷக் கணக்கில் கோழி போட்டதால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. நான் அதை முதலில் சாப்பிட்டது 1975-ல், முதல் மாதச் சம்பளத்தில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி நடந்தே போனேன். பஃபலோவும் மவுண்ட் ரோடும் ஒன்றையொன்று அறியாது. ஆனாலும் ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு ஊரிலும் கோழி, மிளகாய், கொதிக்கிற எண்ணெய் மூன்றும் ஒன்று சேர்ந்தன.

ஆனால் ஒன்று. கோழி மலிவாகாமல் தட்டு நிறைய இறக்கை என்பது நடக்காத காரியம். அமெரிக்காவில் 1948-லேயே "நாளைய கோழி" என்று தேசியப் போட்டி வைத்து, சதைப்பற்றான இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டில் 1971-ல் டாக்டர் பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் பெரிய திருப்பம். பிறகு 90களில், உடுமலைப்பேட்டையில் இருந்து வளர்ந்த சுகுணா நிறுவனம் ஒப்பந்த முறையைப் பரப்பியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்ந்த எடைக்குக் கிலோ கணக்கில் கூலி. நாட்டுக்கோழி ஐந்தாறு மாதத்தில் எட்டாத இரண்டு கிலோவை பிராய்லர் 40 நாளில் எட்டுகிறது. கறிக்கோழி விலை பல்லடத்திலும் முட்டை விலை நாமக்கல்லிலும் நிர்ணயமாகி, பேப்பரில் தங்கம் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. அதனால்தான் ஆறு கோழியின் இறக்கையை நான் ஒரே பையில் தூக்கி வர முடிந்தது.

இனி செய்முறை. இறக்கை தோலோடு இருக்கட்டும். மொறுமொறுப்பே தோலில்தான். நுனியை வெட்டி எடுத்து ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மூட்டில் இரண்டாக வெட்டினால் 24 துண்டு. நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு மூன்று ஸ்பூன் கான்ஃபிளவர், இரண்டு ஸ்பூன் அரிசி மாவில் புரட்டி, நடுத்தரத் தீயில் எட்டு ஒன்பது நிமிஷம் பொரித்து எடுங்கள். பத்து நிமிஷம் ஆறட்டும். மறுபடி நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிஷம். முதல் பொரிப்பில் கறி வேகும், கொழுப்பு இறங்கும். இரண்டாவதில் மேல்பக்கத்து ஈரம் போய்த் தோல் மொறுமொறுக்கும்.

சாஸுக்குப் பஃபலோவில் மிளகாய் சாஸும் வெண்ணெய் மாதிரி ஒன்றும் போதும். நான் 15 காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டு, மூன்று ஸ்பூன் வினிகர், உப்பு, ஒரு துண்டு வெல்லம் சேர்த்து அரைத்தேன். 50 கிராம் வெண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கினேன். சாப்பிட உட்காரும்போதுதான் புரட்ட வேண்டும், முன்னாலேயே புரட்டினால் நமத்துவிடும்.

அன்றைக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அக்காவையும் அழைத்திருந்தேன். 1947-ல் பிறந்தவள். பேரன் தட்டை நீட்டினான். நான் பெருமையாக, "சாப்பிடுக்கா, எல்லாமே எறக்கை. உனக்குப் பிடிக்குமே!" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாருடா சொன்னது? குடுத்தாங்க, தின்னேன். எனக்குக் காலுதான் ஆசை. ஒரு தடவை கேட்டேன், ஆயா தொடையில கிள்ளிட்டா. அப்புறம் கேக்கல."

"கல்யாணமாகிப் போன இடத்துல?"

"அங்க மாமனார், கொழுந்தனார் ரெண்டு பேரு. கோழிக்குக் காலு ரெண்டுதானேடா."

வீட்டில் 24 துண்டு இருந்தது. ஒரு கால் கூட இல்லை. அக்கா இரண்டு துண்டு சாப்பிட்டாள். "நல்லா மொறுமொறுன்னுதான் இருக்கு" என்று பேரனின் தலையைத் தடவினாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. என் தட்டில் ஈரல் விழுந்தபோது அவள் தட்டில் என்ன விழுந்தது என்று ஒருநாளும் நான் பார்க்கவில்லையே!

மறுநாள் காலையில் அதே பாய் கடையில் தொடையோடு இரண்டு கால் வாங்கினேன். அம்மா செய்வதுபோல மிளகாய், தனியா வறுத்து அரைத்துக் குழம்பு வைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். அக்கா ஒரு காலைத் தட்டில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினாள். "பெரியவன் சாயந்திரம் வருவான்டா" என்றாள்.

அடுத்த தடவை நான்கு கால் வாங்கிப் போக வேண்டும்.