பால்மரம் கடைதல்

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் யாரோ ஒரு சாப்பாட்டு மேசையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பாசிர் ரிஸ்ஸில் இது அடிக்கடி நடப்பதுதான். வீடு மாறுகிறவர்கள் பழைய சாமானைக் கீழே விட்டுவிட்டுப் போவார்கள், லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். நான் மேசைக்கால்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். லோயாங் பக்கம் நண்பர் ஒருவர் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய லேத்தில் ஒரு மேசைவிளக்கு கடைந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நண்பர் வார்னிஷை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரப்பர் மரம். மலேசியாவுல இருந்து வர்ற மேசை நாற்காலி நிறைய இதுலதான் செய்றாங்க."

அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது: ஜொகூர் தோட்டமொன்றில் பாட்டி இருபது வருஷத்துக்கு மேல் சீவிய மரம் இது. பாட்டி இதை ரப்பர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு இது பால்மரம்.

லேத் வேலைக்குத் தமிழில் கடைசல் என்று பெயர். மோர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினைச்சொல்தான். செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். மத்தில் கயிற்றைச் சுற்றி மாற்றி மாற்றி இழுக்கிறோம். பழைய கடைசல் பட்டறையிலும் அப்படித்தான். தண்டில் வாரைச் சுற்றி ஒருவர் இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். ஒரு திசையில் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் இந்தக் கடைசல் வேலையில் பிறந்தவை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி நிறமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மரங்கள் மஞ்சள் கடம்பும் பாலையும். பால்மரத்தை, பால் கொடுக்கும் மரம் என்பதைத் தாண்டி வெகுகாலம் யாரும் மதிக்கவில்லை.

அந்த மரம் இந்தப் பக்கம் வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகக் கொஞ்சம். 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888 இல் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பட்டையைக் கோடரியால் கொத்தாமல், சாய்வாக ஒரு கோடு கிழித்து, அதே கோட்டின் விளிம்பை மறுபடி மறுபடி மெல்லியதாகச் சீவுவது. சீவிய பட்டை பிறகு வளர்ந்துவிடும். ரப்பர் நடச்சொல்லி வருகிறவர் போகிறவரை எல்லாம் நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். 1896 இல் மலாக்காவில் டான் சாய் யான் அவர் பேச்சைக் கேட்டுத் தோட்டம் போட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, கங்காணி வந்தார், கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்தார்கள். 1938 இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை அது நிற்கவில்லை.

ரிட்லியின் முறை தாளில் எளிது. கையில்தான் கஷ்டம். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம். கத்தி மேலோடு போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் கேம்பியத்தில் காயம் விழும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கேம்பியத்தை விட்டு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். அதுவும் விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில். அதிகாலையில்தான் பால் நன்றாக ஓடும்.

பால் வற்றிய மரத்தின் கதி? இருபத்தைந்து முப்பது வருஷத்தில் வெட்டி, அடுப்புக்கும் சூளைக்கும் போய்விடும். அதன் விறகுப் புகையில்தான் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தினார்கள். 1960களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா இரும்பாலை, ரப்பர் மரக் கரியில் இரும்பு உருக்கியது. மேசைக்கு இந்த மரம் ஆகாது என்பதற்குக் காரணம் இருந்தது. மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை நீலமாகப் படரும், வண்டு துளைக்கும். அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு, 1980களில் விறகு 'மலேசிய ஓக்' ஆனது. மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியே அதன்மேல் எழுந்தது.

மரத்துக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. சீவியவர்களுக்கு? 1950களிலிருந்தே தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். 1960 இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அது எட்டாத தோட்டங்கள் ஏராளம். பாட்டியின் தோட்டம் அதில் ஒன்று. அங்கே இப்போது செம்பனை நிற்கிறது.

அடுத்த சனிக்கிழமை மேசைக்காலை லேத்தில் பொருத்தினோம். முனைகளில் மூலைக்கு மூலை கோடு போட்டால் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். முதலில் மெதுவாகச் சுழலவிட்டு, வளைந்த உளியால் சதுரத்தை உருட்ட வேண்டும். வார்னிஷ் பறந்து உள்ளே வெண்ணெய் நிறத்தில் மரம் தெரிந்தது. நீளச் சுருள்களாகச் சீவல் கையில் கொட்டியது. மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்த கால் அது. இடுப்பு வளைவை இறக்கும்போது ஒரு துண்டில் மட்டும் உளி தட்டியது. நிறுத்திப் பார்த்தோம். விரல் நீளத்துக்குக் கறுத்த கோடு, சுற்றிலும் ரேகைகள் சுழித்துக்கொண்டு. "இன்னும் மூணு மில்லி இறக்கினா போயிடும்" என்றார் நண்பர். தேய்த்து முடிப்பதற்கு முன் பாட்டியிடம் காட்டலாம் என்று எடுத்துப் போனேன்.

பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல். கண்ணாடியைத் தேடாமல் கட்டைவிரலால் தடவினார். கோட்டில் விரல் நின்றது.

"கத்தி ஆழமாப் போயிருக்குடா. காயம்."

"கண்டுபிடிச்சா என்ன பண்ணுவாங்க பாட்டி?"

"என்ன பண்ணுவான், காயத்தை எண்ணுவான். அன்னைக்கு யாருக்கோ அரைப்பேருதான் போட்டிருப்பான்."

முழு நாள் வேலை செய்தும் அரை நாள் கூலி, அதுதான் அரைப்பேர். தோட்டங்களின் ஆவணங்களில் இத்தனை பவுண்டு பால், இத்தனை ஏக்கர் என்று எல்லாம் இருக்கும். அந்த இருட்டில் எந்தக் கை, எதனால் தவறியது என்று எதிலும் இருக்காது. குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், தூக்கம் கலையாமல் இருந்திருக்கலாம். அந்தக் கையைப் பற்றி எழுதப்பட்டது என்றால், மரத்துக்குள் இருக்கும் இந்த ஒரு கோடுதான்.

அந்த மூன்று மில்லிமீட்டரை நான் இறக்கவில்லை. இடுப்பு கொஞ்சம் தடித்துத்தான் இருக்கிறது, கடைந்தெடுத்த மாதிரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெடுக ஒரு துளை போட்டு வயரை இழுத்து, பல்பு மாட்டி, பாட்டியின் கட்டிலோரம் வைத்தேன். பெரட்டுக்குப் போகிற அவசரம் ஓய்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பாட்டிக்கு இன்னமும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால், எழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.