தப்பு: அடியில் பிறந்த பெயர்

மலையகத்தில் விடியலுக்கென்று ஓர் இசை இருந்தது. அது பூபாளமும் அல்ல, நாகசுரமும் அல்ல, தப்பு. உடப்புசல்லாவை, ராகலை, அட்டன் என எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும், இருள் பிரியுமுன்னே தப்புச் சத்தம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை எழுப்பிவிடும். அதைக் கேட்டு அடுப்பு மூட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறியவர்கள் நம் பாட்டிமார். அந்த இசைக்கருவியின் பெயர் எங்கிருந்து வந்தது?

தப்பு என்றதும் பிழை என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் தமிழில் தப்பு என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தவறுதல்; தப்பித்தல், தப்பிதம் ஆகியவை அதன் கிளைகள். மற்றது அடித்தல். துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதைத் தப்புதல் என்பது பழைய வழக்கு. தோலில் அடி விழுவதால் கருவிக்கும் அதே பெயர். தப்பட்டை இதன் உறவுச் சொல். தெலுங்கில் டப்பு என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தப்பாட்டம் இன்றும் நடக்கிறது.

இதே கருவிக் குடும்பத்தின் மூத்த பெயர் பறை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்திலும் யாழ்ப்பாணப் பேச்சிலும் அந்தப் பொருள் வாழ்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்தது. உறங்கும் மன்னனை விடியலில் பாடி எழுப்புவதைத் துயிலெடை நிலை என்றது. புறநானூற்றில் வெள்ளி முளைக்கும் வைகறையில் கிணைப்பொருநர் வள்ளலின் வாசலில் தடாரிப் பறையை அறைகிறார்கள். விடியற்காலப் பறை நமக்குப் புதிதல்ல, எழுப்பப்பட்டவர்தான் வேறு.

1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியபின், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்களோடு தப்பும் மலைக்கு வந்தது. இங்கே அது இன்னொரு சொல்லோடு சேர்ந்துகொண்டது: பெரட்டு. பரேட் என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் இப்படித் திரிந்தது. பெரட்டுக்களத்தில்தான் காலையில் ஆட்களை நிறுத்தி, பேர் போட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவார்கள். மன்னனை எழுப்பிய பறை, பெரட்டுக்கு ஆள் கூட்டும் தப்பாக மாறியது. 1914இல் வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தம் ஆங்கில நெடுங்கவிதையை அந்த விடியல் முழக்கத்தின் அதிர்விலேயே தொடங்கினார். சக்தி பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

மலைக்காட்டுப் பனியில் தப்பு அடிப்பது எளிதல்ல. ஈரம் ஏறினால் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகிவிடும். நெருப்பு மூட்டி, தப்பின் முகத்தை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள்; கணீரென்று வந்தபிறகே தோளில் மாட்டுவார்கள். ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மற்றக் கையில் மெல்லிய நீளக் குச்சி. முன்னது அடிக்க, பின்னது இடைவெளிகளை நிரப்பும்.

விடியலைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. நிலாவை மக்கள் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பிறை வளர வளரக் காமன் கூத்தும் வளரும். மதன் என்ற காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும், தூது வரும், பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவனின் நெற்றிக்கண் மதனை எரிக்கும். ரதி விழுந்து அழும்போது, லயத்தில் நிஜச் சாவுக்கு எழும் ஒப்பாரியே அங்கும் எழும். கல்யாணத்துக்கு ஓர் அடி, வீரபத்திரன் வரவுக்கு ஓர் அடி, எரிப்புக்கு ஓர் அடி என்று தப்பு இரவெல்லாம் கதை சொல்லும். தூரத்தில் இருப்பவருக்கும் அடியைக் கேட்டால் கூத்து எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று விளங்கும். பெரட்டுக்கு ஆணை இட்ட அதே தோல், காமன் பொட்டலில் பறைகிறது, அதாவது பேசுகிறது.

பறை என்ற பெயர் வாயைச் சுட்டுகிறது, தப்பு என்ற பெயர் கையைச் சுட்டுகிறது. பறை என்ற பெயரின் மேல் சாதி இழிவை ஏற்றினார்கள். தப்பு என்ற பெயரில் பிழையின் நிழல் விழுந்தது. இரண்டையும் துடைப்பது நம் கடமை. மலையகப் பாடசாலைகளில் இசைக்கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது வீணை, மிருதங்கத்துக்கு அடுத்த வரியிலேயே தப்பும் வரவேண்டும். அதை அடிக்கும் கலைஞரை வகுப்பறைக்கு அழைத்து, பிள்ளைகளுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லவேண்டும். பாட்டிமாரின் காலையையும் மாசி நிலாவையும் ஒரே தோலில் சுமந்த கருவிக்கு அந்த இடம் உரிமை.